களத்து ஒலியும் கூடத்து ஒலியும்: செஞ்சி வட்டாரத்தில் இசைப்பதிவு ரசனையின் வரலாறு

செஞ்சிக் கோட்டையின் அரசியல் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. கோன் மரபினர், நாயக்கர், பீஜப்பூர்ப் படையினர், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய கதையை, அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1943-இல் வந்த தம் ஆங்கில நூலில் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் தொகுத்துத் தந்தார். மலையடிவாரத்து மக்கள் எதைக் கேட்டு வாழ்ந்தார்கள், கேட்டதைக் கருவியில் பதிந்து மறுபடி கேட்கும் வசதி வந்தபோது எந்த வகை ஒலியை விரும்பினார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதும் அந்த ஊரின் வரலாற்றில் சேர வேண்டிய பகுதிதான். கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் தலையாய இசை திறந்தவெளியில் விடிய விடிய ஒலிப்பது. ஒலிப்பதிவுத் தொழிலோ மூடிய கூடத்துக்குள், சில நிமிட அளவில் பிறந்து வளர்ந்தது. இவ்விரண்டும் சந்தித்ததால் எழுந்த இழுபறியைச் செஞ்சி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம்.

பதிவு முறை என்று இங்கே குறிக்கப்படுவது கருவியின் வகையை மட்டுமன்று. ஒலிவாங்கி பாடுபவரின் வாயருகே இருக்கிறதா, பத்தடி தள்ளி இருக்கிறதா, குரலுக்கும் பக்கவாத்தியத்துக்கும் என்ன விகிதம், எதிரொலி செயற்கையாகச் சேர்க்கப்படுகிறதா, சுற்றுப்புறச் சத்தம் வடிகட்டப்படுகிறதா என்ற முடிவுகள் எல்லாம் சேர்ந்ததே பதிவு முறை. இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய விருப்பம். அந்த ஒருவர் யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால்தான் ரசனையின் வரலாறு பிடிபடும்.

செஞ்சியின் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றதில் கோட்டை மதில்களுக்கு இருந்த பங்கைவிடத் தேசிங்குராஜன் கதைப்பாடலுக்கு இருந்த பங்கு பெரிது. புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714 அக்டோபரில் போரிட்டு மாண்டபோது இளைஞர். அவர் செஞ்சியை ஆண்டது சில மாதங்களே. ஆனால் மக்களின் பாட்டு அவரைத் தேசிங்காக்கி, உயிர்த்தோழன் மகபத்கானையும் பாராசாரி, நீலவேணி என்னும் குதிரைகளையும், போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சிங்கவரம் அரங்கநாதரையும் அவரோடு சேர்த்து வாழவைத்தது. பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்ற இந்தக் கதைநூல், தனியே உட்கார்ந்து படிப்பதற்காக அச்சானது அன்று; ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பதற்கானது. எளிய மெட்டில், நீண்டு செல்லும் அடிகளில் அமைந்த பாட்டு அது. அதற்கு அவசரம் தெரியாது.

இதனினும் ஆழமாக வேரோடியது பாரதக் கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரி பழைய செஞ்சி என்று வழங்கப்படுவது. அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலைத் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதும் மரபு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியிட்ட தம் ஆய்வின் முதல் தொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பொருள்படும் துணைத்தலைப்பு இட்டதற்கு இந்த மரபே காரணம். விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், அதாவது வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லும் சொற்பொழிவு நடக்கும், இரவில் கூத்து, முடிவில் துரியோதனனின் மண்ணுருவைக் கிடத்திப் படுகளம், அதன்பின் தீமிதி.

கூத்துக்களத்தில் ஒலி அமையும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆடுகளத்தின் பின்புறம் பலகைமேல் வாத்தியக்காரர்கள் அமர்கிறார்கள். நாதசுரத்தின் சிறிய உறவான முகவீணை, மிருதங்கம், டோலக், கைத்தாளம், பிற்காலத்தில் சேர்ந்த ஆர்மோனியம் ஆகியவை அவர்கள் கையில் இருக்கும். தொடக்கத்தில் பாட்டில்லாமல் வாத்தியங்கள் மட்டும் முழங்குவதைக் களரி கட்டுதல் என்பர். பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கூத்து தொடங்கிவிட்டது என்று அறிவிப்பது இந்த முழக்கமே. பின்னர் இருவர் திரை பிடிக்க, வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தம் வருகையைப் பாடுவார்; முகம் தெரியுமுன் குரல் வந்துவிடும். அவர் பாடி விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். காலில் சலங்கை, தோளில் மரத்தால் செய்த புஜக்கட்டை, தலையில் கிரீடம் ஆகியவற்றோடு அவர் சுழன்று ஆடும்போது குரல் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பக்கத்திலும் ஒலிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும் என்பதால் உயர்ந்த சுருதியில் பாடுவது கட்டாயமாயிற்று. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சொல்லும் இந்த அளவில் எண் கூடக்கூடச் சுருதி உயரும்.

இத்தகைய களத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஒலி என்று எதுவும் கிடையாது. வாத்தியப் பலகைக்கு அருகில் பாய் விரித்தவருக்கு மிருதங்கமும் டோலக்கும் மேலோங்கும். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு வசனம் தெளிவாகக் கேட்கும். தள்ளிப்போய்த் தேநீர்க் கடையருகே நின்றவருக்கு முகவீணையும் உச்சத்தில் எழும் குரலும் மட்டும் காற்றில் வரும். தாளப் பிரியர் ஓரிடமும் கதைப் பிரியர் வேறிடமும் பிடித்தார்கள். இரவு நீள நீள இடம் மாறியும் உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் ஒலிக்கலவை என்று பெயர் பெற்ற வேலையை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வதை, இங்கே கேட்பவரே தம் பாயை விரிக்கும் இடத்தால் செய்துகொண்டார். ஒலிப்பதிவு வந்தபோது முதலில் பறிபோனது இந்த உரிமைதான்.

லண்டனிலிருந்து வந்த ஃப்ரெட் கைஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பதிவு செய்ததிலிருந்து இந்திய இசைத்தட்டு வணிகம் தொடங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் பதிவுக் குழுக்கள் வந்தன. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்றோரின் குரல்கள் தட்டேறின. அப்போது மின்சார ஒலிவாங்கி இல்லை. பெரிய புனல் ஒன்றின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். ஒலியின் அழுத்தமே மறுமுனையில் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். அந்தப் புனல் நடுத்தர உயரமுள்ள ஒலிகளை மட்டும் ஒழுங்காகப் பிடித்தது. மத்தளத்தின் கனத்த தொப்பி ஒலியும் தாளத்தின் நுண்ணிய சிலிர்ப்பும் அதில் ஏறவில்லை. உரக்க, உயர்ந்த சுருதியில் பாடியவர்கள் தட்டில் பொலிந்தார்கள். மென்மையாகப் பாடியவர்கள் மங்கினார்கள். கூத்திலும் நாடகத்திலும் திறந்தவெளிக்காகப் பழகிய குரல் இந்தப் புதிய கருவிக்கும் எதிர்பாராத விதமாகப் பொருந்தியது.

பொருந்தாதது நேரம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். எட்டு மணி நேரக் கூத்து ஒன்றை அப்படியே பதிவதானால் 160 பக்கங்கள், அதாவது 80 தட்டுகள் வேண்டியிருந்திருக்கும். இசைத்தட்டு நிறுவனங்கள் கண்ட வழி நாடக செட். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற மேடை நாடகங்களைச் சுருக்கி, பாட்டுகளையும் சில வசனங்களையும் மட்டும் எடுத்து, சில தட்டுகள் கொண்ட தொகுப்பாக விற்றார்கள். பின்னாளில் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ. வி. மெய்யப்பன் 1930-களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை வெளியிட்டபோது இத்தகைய நாடகப் பதிவுகள் நல்ல சந்தையைப் பிடித்திருந்தன. மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற கட்டாயத்தால் விருத்தம் சுருங்கியது. பின்பாட்டு திரும்பத் திரும்ப வருவது தேவையற்றதாகத் தோன்றியது. கட்டியங்காரனின் பேச்சு, அதாவது கதையை நடத்திச் செல்லும் கோமாளியின் உடனடிப் புனைவு, முற்றிலும் விழுந்துவிட்டது. தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுருக்கமே முறையானதாகவும், களத்து நீட்சி அலுப்பாகவும் படத் தொடங்கியது. ரசனை மாறியதற்குக் கருவியின் அளவு காரணமாக இருந்தது என்பதை மறந்துவிட்டு, மக்களின் பொறுமை குறைந்துவிட்டது என்று பழிபோடுவது நியாயமாகாது.

இழந்த உரிமையில் சிறு துளி ஊசி வழியாகத் திரும்பக் கிடைத்தது. கிராமபோனின் எஃகு ஊசிகள் தடித்தவை, நடுத்தரமானவை, மெல்லியவை என மூவகையில் விற்கப்பட்டன. தடித்த ஊசி உரத்த ஒலியையும் மெல்லிய ஊசி தணிந்த ஒலியையும் தந்தது. திண்ணையில் பத்துப்பேர் கூடியிருக்கும்போது ஓர் ஊசி, இரவில் தனியே கேட்கும்போது வேறு ஊசி என்று மாற்றிக்கொள்ளலாம். இதைத் தவிர வேறு எதையும் கேட்பவரால் மாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும் என்பது நிறுவனத்தாரின் அறிவுரை; காசை எண்ணியவர்கள் ஒரே ஊசியைப் பலமுறை ஓட்டியதால்தான் பழைய தட்டுகள் இன்று இவ்வளவு இரைகின்றன.

ஆர்மோனியத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்த இந்தப் பெட்டி, சுருதி கலையாமல் உரக்க ஒலிப்பதாலும் புனலில் நன்கு பதிவதாலும் நாடகக்காரர்களின் விருப்பத்துக்குரியதாயிற்று. கூத்துக் குழுக்களும் ஏற்றுக்கொண்டன. ஆனால் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. கமகத்தை, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவை, அதனால் தர இயலாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த இந்தத் தடை, கிராமத்து மேடையில் தலைமை வகித்த ஒரு கருவியை அரசின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே நிறுத்தியது. முகவீணையைக் கைவிடாத குழுக்களுக்கு இதனால் பெரிய இடர்ப்பாடு இருந்திருக்காது. மற்றவர்களுக்குத் தங்கள் இயல்பான ஒலி வானொலிக்குத் தகுதியற்றது என்ற செய்தியே போய்ச் சேர்ந்தது. ஒரு சிலரின் இசைக்கொள்கை நாடு முழுவதற்குமான பதிவு விதியாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

செஞ்சிக் கதை திரைக்குப் போனபோது கூடத்து ஒலி முழுமையாக வென்றது. டி. ஆர். ரகுநாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி, எஸ். எஸ். ராஜேந்திரன் நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960-இல் வெளிவந்தது, இசை ஜி. ராமநாதன். கர்நாடக ராகங்களின் முழு உருவத்தைத் திரைப்பாட்டுக்குள் கொண்டுவருவதில் தேர்ந்த அவர், இந்தப் படத்தில் எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அமைத்த தசாவதாரப் பாடல் இன்றும் நாட்டிய மேடைகளில் ஆடப்படுகிறது. அன்றைய பதிவு முறையில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க, குரல்களும் கருவிகளும் ஒரே தடத்தில் பதிவாகும். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிவாங்கிக்கு அருகில் யார், தள்ளி யார் என்பதை ஒலிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் முடிவு செய்தார்கள். பாடகரின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். தாளக் கருவி பின்னால் அடங்கும். அருமையான பாடல்கள் அவை என்பதில் ஐயமில்லை. ஆனால் செஞ்சி மண்ணின் கதையைச் சொல்லும் அந்தப் படத்தின் ஒலியில் பம்பையும் முகவீணையும் தலையெடுக்க இடமில்லை. தேசிங்கின் பாட்டு தன் ஊரின் ஒலியை விட்டுவிட்டுத்தான் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

அந்தப் பாடல்களைக் கிராமங்கள் கேட்டது பெரும்பாலும் கூம்பு ஒலிபெருக்கியில். டூரிங் டாக்கீஸ் கொட்டகையின் உச்சியிலும், திருமண வீட்டுப் பந்தலின் மூங்கிலிலும், ஆடி மாதத்தில் கோயில் மரத்திலும் அது கட்டப்பட்டிருந்தது. பழைய புனலைப் போலவே இதுவும் நடுத்தர உயரமுள்ள ஒலிகளைத்தான் வீசும்; கனத்த ஒலி அதில் எழாது. ஆகவே, கணீரென்ற குரல் என்று தமிழர் போற்றும் குரல்வகை, சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் பெற்றிருந்த அந்த ஊடுருவும் வன்மை, வயல்வெளி தாண்டிப் போய்ச் சேர்ந்தது. இந்தத் தலைமுறையினர் இன்றும் பாட்டு என்றால் குரல் முன்னால் வர வேண்டும், வார்த்தை புரிய வேண்டும் என்று வற்புறுத்துவதை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் காதைப் பழக்கிய கருவி அப்படிப்பட்டது.

கூத்துக்களத்துக்கும் மைக் செட் வந்தது. ஆடுகளத்தின் நடுவே உயரக் கட்டிய கம்பியிலிருந்து ஒன்றிரண்டு மைக்குகளைத் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. இதனால் உச்சக்குரலில் இரவு முழுதும் பாடித் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் தேவை குறைந்தது. முதிய கலைஞர்கள் கூடுதல் ஆண்டுகள் வேடம் கட்ட முடிந்தது. இழப்பும் உண்டு. மைக்கின் கீழ் நின்றால்தான் குரல் எடுபடும் என்பதால் சுழன்றாடும் அடவுகளின் பரப்பு குறைந்தது. திரைக்குப் பின்னிருந்து எழும் குரலுக்கும் திரை விலகியபின் வரும் குரலுக்கும் இருந்த தொலைவு மறைந்தது. மைக் செட்டுக்காரர் திருகும் குமிழே ஒலியின் அளவை முடிவு செய்தது. எந்த மூலையில் பாய் விரித்தாலும் அதே ஒலி வந்து சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்து, ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மட்டும் மாநில அரசு தளர்த்தலாம் என்று வகுத்தன. ஒலிபெருக்கியோடு பழகிவிட்ட இரவுக் கலைக்கு இது இன்னொரு நெருக்கடி.

கேட்பவரின் கைக்கு அதிகாரம் ஓரளவு திரும்பியது ஒலிநாடா வந்த பிறகுதான். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், 1970-களின் இறுதியில் இந்தியச் சந்தையில் பெருகியது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன், அதாவது வானொலியும் கேசட்டும் சேர்ந்த பெட்டி, சிற்றூர் வீடுகளில் இடம்பிடித்தது. தமிழகத்துச் சிறு நகரங்கள்தோறும் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பிடித்த பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட அல்லது தொண்ணூறு நிமிட வெற்று நாடா ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாட்களில் கடைக்காரர் பதிந்து வைத்திருப்பார். எந்த நிறுவன நாடா, எந்தப் பக்கத்தில் சோகப்பாட்டு, எந்தப் பக்கத்தில் துள்ளல்பாட்டு, பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுபடாமலிருக்க எந்தப் பாடலைச் சேர்ப்பது என்றெல்லாம் எண்ணிப் பார்த்துத் தந்த அந்தத் தாள்கள், ஒரு தலைமுறையின் இசைவிருப்ப ஆவணங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின்படி இத்தொழில் முறையற்றது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கூட்டியது. ஆனால் கேட்பவர் ஒருவர் தமக்கென ஒரு வரிசையைத் தாமே அமைத்துக்கொள்ள முடிந்தது இந்தக் கடைகளால்தான்.

இதே காலத்தில் பதிவு முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு அறிமுகமான இளையராஜா, 1978-இல் வந்த ‘ப்ரியா’வின் பாடல்களை ஸ்டீரியோ முறையில், அதாவது இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு ஒலி வரும்படி பதிந்தார். பேஸ் கித்தாரின் கனத்த ஒலி பாட்டின் அடித்தளமாயிற்று. கூம்பு ஒலிபெருக்கியில் கேட்டால் பாதி மறைந்துபோகும் இந்தச் செழுமையைக் கேட்க மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தேவைப்பட்டன. பாஸ், டிரெபிள் என்னும் குமிழ்களும், பின்னர் ஒலியின் பல அடுக்குகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரும் வீட்டுக்குள் வந்தன. தேநீர்க் கடைகளும் தனியார் பேருந்துகளும் நல்ல செட் வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதின. 1992-இல் ‘ரோஜா’வோடு ஏ. ஆர். ரஹ்மானின் கணினிவழி இசைக்கோப்பு வந்தபோது ரசனை மறுபடி பிரிந்தது: கருவிக் கலைஞர்கள் ஒரே அறையில் கூடி வாசிக்கும் ஒலியை உயிருள்ளதாகக் கொண்டவர்கள் ஒருபுறம், ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே துலங்கும் புதிய துல்லியத்தை விரும்பியவர்கள் மறுபுறம்.

கூத்துக்குக் கேசட் செய்த உதவி பெரிது. தொண்ணூறு நிமிட நாடா ஆறு இருந்தால் ஒரு முழு இரவு அடங்கிவிடும். 80 தட்டுகள் வேண்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு பைக்குள் கூத்து அடங்கியது. பதிவு மூன்று வகையாக நடந்தது. பெட்டியைப் பாயில் வைத்துக் களத்தின் காற்றிலிருந்தே பதிவது ஒரு வகை; இதில் டோலக்கின் அடி நெஞ்சில் மோதும், குழந்தை அழும், யாரோ இருமுவார், படுகளத்தை நோக்கிக் கதை போகும் விடியற்காலையில் சேவல் கூவும். மைக் செட்டின் பெருக்கியிலிருந்து கம்பி இழுத்து நேராகப் பதிவது இரண்டாம் வகை. வசனம் கண்ணாடிபோல் தெளியும், ஆனால் மைக்குக்கு எட்டாத சலங்கையும் கூட்டத்தின் ஆரவாரமும் காணாமற்போகும். கலைஞர்களைக் கூடத்துக்கு அழைத்து, கதையை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, எதிரொலி சேர்த்து விற்பனைக்குத் தருவது மூன்றாம் வகை. கூத்து கற்றுக்கொள்ளும் இளைஞருக்கு வசனத்துக்காக இரண்டாம் வகை உதவியது. அடவுக்கும் அடிக்கும் உள்ள இசைவைப் படிக்க முதல் வகைதான் உதவும். விற்பனையில் முந்தியது மூன்றாம் வகை.

பாயில் வைத்த பெட்டியின் பதிவே இந்த மூன்றில் உயர்ந்தது என்று துணிந்து சொல்லலாம். அதில் இரைச்சல் உண்டு, உச்ச ஒலியில் சிதைவு உண்டு. ஆயினும் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்ட ஒருவரின் காது அதில் இருக்கிறது. ஊர் அந்த இரவில் எங்கே சிரித்தது, எங்கே அடங்கியது, எந்த வேடக்காரருக்குக் காத்திருந்தது என்பது அதிலிருந்து மட்டுமே தெரியும். கூடத்துப் பதிவில் கட்டியங்காரன் சொல்லும் நகைச்சுவைக்கு எதிரே யாரும் இல்லை. பதில் சிரிப்பு இல்லாத இடத்தில் அவர் அடுத்த சொல்லை எப்போது எடுப்பது என்று தெரியாமல் விரைகிறார். சுத்தமான பதிவு என்று வணிகம் பெயரிட்டது, ஊரை வெளியே நிறுத்திய பதிவே.

ஆய்வாளர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகு உருளைகளில் தென்னிந்திய மக்களின் குரல்களைப் பதிந்தார். ஹில்டெபைட்டல் செஞ்சி வட்டாரத் திரௌபதி விழாக்களைப் படமாக்கி ‘லேடி ஆஃப் ஜிஞ்சி’ என்ற ஆவணப்படமாகத் தந்தார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-இல் தெருக்கூத்து பற்றிய நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டிலேயே ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்றோர் நகரத்து மேடைகளில் அறியப்பட்டதும் கூத்தின்மீது புதிய மதிப்பை உண்டாக்கின. இதனால் கூத்தைக் களத்திலேயே, வெட்டாமல், முழுநீளமாகப் பதிய வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. ஆனால் இப்படிப் பதிந்தவற்றுள் பல நெடுந்தொலைவிலுள்ள காப்பகங்களில் இருக்கின்றன. ஆடியவர்களின் ஊரில் அவை ஒலிப்பது அரிது.

கூடத்து ஒலியின் ஆட்சி எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு மேல்மலையனூர் நல்ல சான்று. செஞ்சியை அடுத்த இந்த அங்காளம்மன் தலத்தில் அமாவாசைதோறும் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவமும், மாசியில் மயானக் கொள்ளையும் நடக்கும்போது பம்பையும் உடுக்கையும் முழங்குகின்றன. பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரு முழவுகள், ஒன்று மரம், மற்றது உலோகம். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தித் தளர்த்தினால் சுருதி ஏறி இறங்கும். திடீரென வெடித்தெழும் இவற்றின் ஒலி பதிவுக் கருவிக்குப் பெரிய சோதனை. அளவைக் கூட்டினால் சிதறும், குறைத்தால் உயிர் போகும். அம்மன் பாடல் கேசட்டுகளும் குறுந்தகடுகளும் பெருகியபோது, உண்மையான பம்பைக்காரருக்குப் பதில் மின்னணு விசைப்பலகையில் அடக்கப்பட்ட தாள ஒலிகள் எளிய மாற்றாக வந்தன. கோயிலுக்குள் பம்பைக்காரர் அடித்துக்கொண்டிருக்க, வாசலில் உள்ள கடைகளில் பம்பையைப் போலச் செய்த ஒலி அதைவிட உரக்க ஒலிக்கும் நிலை உண்டானது. அருள் வந்து ஆடுபவர் எந்த ஒலிக்கு ஆடுகிறார் என்று கவனித்தால், இவற்றின் வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது கைபேசி. முழு இரவுக் கூத்துகள் யூடியூபில் குவிகின்றன. பதிபவர் ஊர்க்காரர், கேட்பவர் பிழைப்புக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன அதே ஊர்க்காரர். கைபேசியின் ஒலிவாங்கி தானாகவே மெல்லொலியை ஏற்றி வல்லொலியை இறக்குகிறது. களரியின் முழக்கமும் அதற்குப்பின் வரும் அமைதியும் ஒரே அளவுக்குச் சமன்படுகின்றன. அதன் சிறு ஸ்பீக்கர் கனத்த ஒலியைத் தராமல் நடுத்தர ஒலியையே தருவதால், கூம்பு ஒலிபெருக்கியின் கணீர் மறுபடி வந்திருக்கிறது. ஆயினும் கேட்பவர் எந்தக் குழுவின் எந்த இரவை, எந்த இடத்திலிருந்து பிடித்த பதிவில் கேட்பது என்று தாமே தேர்ந்துகொள்ள முடிகிறது. நூறாண்டுகளாக ஒலிப்பதிவாளரிடம் இருந்த விருப்பம், குறைபாடுள்ள கருவியின் வழியாக என்றாலும், பாய் விரித்தவர்களிடமே திரும்பிக்கொண்டிருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. கோட்டைக்கு வரும் கவனத்தில் ஒரு பங்கு அதன் அடிவாரத்து ஒலிக்கும் போக வேண்டும். கூத்துக் குழுக்களின் வீடுகளிலும் மைக் செட்டுக்காரர்களின் பெட்டிகளிலும் பழைய ரெக்கார்டிங் கடைகளின் பரண்களிலும் கிடக்கும் நாடாக்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் காந்தப்பூச்சு உதிர்ந்து ஆண்டுதோறும் அழிகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் மேலே வேறெதையும் பதியாமல், உறையில் ஊர், நாள், குழு, கூத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அருகிலுள்ள பல்கலைக்கழகங்களும் காப்பகங்களும் அவற்றைப் பெற்று, விநாடிக்கு 96,000 மாதிரிகள், 24 பிட் என்ற தரத்தில் எண்மமாக்கி, மூலப்படியை அப்படியே பேணி, ஒரு படியை உரியவர் வீட்டுக்கே திருப்பித் தர வேண்டும். எண்மமாக்குபவர்கள் இரைச்சலை நீக்குகிறோம் என்று மூலப்படியிலிருந்து சேவல் கூவலையும் கூட்டத்தின் சிரிப்பையும் துடைத்துவிடக் கூடாது.